மலைநாட்டில் கைப்பேசிக் கல்வி: பலர் கூடி நடத்தும் முறை

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு முதலிய பழம்பெயர்களே இன்றும் பஞ்சாயத்துக்களுக்கு வழங்கி வருகின்றன. இந்நாடுகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றது. அங்கே அதன் விலை எடையை மட்டும் கொண்டு நிர்ணயிக்கப்படுவதன்று. கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவை ‘பாயிண்டு’ என்னும் கணக்கால் அறிந்து, அதற்கேற்ப விலை தருவர். மலையிலிருந்தபடியே கிழங்கை விற்றுவிடும் குடியானவன் அந்தப் பாயிண்டு நிறுக்கப்படுவதைக் காண்பதில்லை. அன்றைய சந்தை விலையையும் பெரும்பாலும் வியாபாரி சொல்லியே அறிகின்றான். அவன் மடியிலோ ஒரு கைப்பேசி இருக்கின்றது. அதில் பாட்டுக் கேட்கின்றான். விலை கேட்க அறியான்.

இக்குறையை நீக்கக் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது ஏரை வாங்கிக் கொடுத்துவிட்டு மாட்டை மறந்ததற்கு ஒப்பாகும். கருவியின் பின்னால் செய்தியைத் திரட்டுவோர், அதைத் தமிழில் விளங்கச் சொல்வோர், ஊரில் இருந்து கற்பிப்போர், கடன் உதவுவோர் எனப் பலர் ஒன்றுபட்டு நிற்றல் வேண்டும். இவ்வாறு நடந்த இரண்டு முயற்சிகளை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது புதுச்சேரியைச் சார்ந்தது. சென்னையில் 1988-ல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-ல் கனடா நாட்டு உதவியுடன் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கிற்று. வில்லியனூரில் தலைமை நிலையம் அமைந்தது. கணினி வைக்குமுன் அவர்கள் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. மக்களுக்கு எச்செய்தி வேண்டும் என்று ஊர் ஊராக விசாரித்தனர். தானிய விலை, மருந்து, அரசாங்கத் திட்டம், வானிலை என மக்கள் கேட்டவற்றையே சேகரித்துக் கொடுத்தனர். மையத்திற்கு இடத்தை ஊரார் தருதல் வேண்டும். அவ்விடத்தில் எச்சாதியாரும் தடையின்றி நுழைதல் வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளூர்ப் பெண்கள் பலர் பயிற்சி பெற்று மையங்களை நடத்தினர். மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயரக் குறிப்பை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் படித்தனர். நல்லவாடு என்னும் ஊரில் 2004 டிசம்பர் 26-ம் தேதி, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலையைப் பற்றித் தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி வழியே செய்தி பரவி மக்கள் தப்பினர். அன்று உதவியது கணினியன்று, ஒலிபெருக்கியே. ஆயினும் அவசரத்தில் எங்கே ஓடவேண்டும் என்பது ஊரார் அனைவருக்கும் முன்னமே பழகியிருந்தது.

இரண்டாவது தேனி ஜில்லாவில் நடந்தது. காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பொன்று 2004 முதல் தமிழ்நாட்டில் நடத்திய வாழ்நாள் கல்வித் திட்டத்தில், ‘விடியல்’ என்னும் தொண்டு நிறுவனம் சேர்ந்தது. ஆடு வாங்கப் பாங்கி கடன் கொடுத்தது. கைப்பேசியும் அக்கடனோடு சேர்ந்து வந்தது. ஆடு வளர்ப்புப் பாடங்கள் குரற்செய்தியாகக் கைப்பேசிக்கு வந்தன. எழுத்தறியாதவரும் ஆட்டை மேய்த்துக்கொண்டே கேட்டனர். கல்வியால் ஆடு பிழைக்கும், ஆடு பிழைத்தால் கடன் திரும்பும் என்று பாங்கி கண்டுகொண்டமையால், அதுவும் இக்கல்வியில் பங்காளியாயிற்று. தருமத்திற்காக மட்டும் சேர்ந்தவர் ஒருவரும் இலர் என்பதே இம்முயற்சியின் பலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கொல்லிமலைக்கு இவ்வித ஒற்றுமை புதிதன்று. மரவள்ளி பரவியபின் சாமை, தினை, பனிவரகு முதலியன குறைந்துபோகவே, மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனமும் ஊராரும் சேர்ந்து விதை வங்கிகளை ஏற்படுத்தினர். வெள்ளப்பெருஞ்சாமை, சடன் சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்னும் இரகங்கள் இவ்வாறு காக்கப்பட்டன. பெண்கள் உலக்கையால் குற்றிய சாமையை உமி நீக்கும் இயந்திரத்திற்கு மாற்றி, அதைச் சுய உதவிக் குழுக்களே நடத்தலாயின. விதையைத் தொம்பையிலிட்டுக் காக்கவும், கணக்கெழுதிப் பங்கிடவும் பழகிய இக்குழுக்களே கைப்பேசிக் கல்விக்கும் இயல்பான அஸ்திவாரமாகும். புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கிப் பெயர்ப்பலகை மாட்டுவதில் பயனில்லை.

தொடங்கும் முறை வருமாறு. ஒரு நாட்டிற்கு இரண்டு பெண்களையும் ஓர் இளைஞரையும் தேர்ந்து, உபாத்தியாயர் ஒருவரைத் துணையாகக் கொள்க. ஒருவரை மட்டும் பழக்கினால், அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போன அன்றே பள்ளிக்கூடம் மூடப்படும். முதற்பாடம் எழுத்துப் பயிற்சியாக இருத்தல் ஆகாது. நேற்று விற்ற கிழங்கின் விலையை இன்று பார்ப்பதாக இருக்கட்டும். 2018-ல் தமிழ்நாடு அரசாங்கம் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் சந்தை விலை, வானிலை, மானிய விவரம் ஆகியவை கிடைக்கும். படிக்கத் தெரியாதவர் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே வினவலாம்.

இரண்டாம் பாடம் நோய் காட்டும் படம் எடுத்தல். 2020-ல் கேரளத்தில் முதலிற் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். குருத்து சுருங்கி வெண்மை படர்ந்த செடியை அருகிலிருந்து ஒன்றும், தோட்டம் முழுதும் தெரிய ஒன்றுமாகப் படம் எடுத்து, ஊர்ப்பெயருடன் தோட்டக்கலை அதிகாரிக்கு அனுப்பினால், குளவி வேண்டிய இடம் எது என்பது உரியவருக்குத் தெரியவரும். கண்டபடி மருந்தடித்தால் குளவியும் மடியும்.

மூன்றாவது பாடத்தைப் பலர் மறக்கின்றனர். பாங்கியின் பெயரால் எவர் கேட்பினும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொல்லலாகாது. இதை முதல் வாரத்திலேயே கற்பித்தல் நலம்.

கிராமாதிகாரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பட்டா, அடங்கல் விவரங்களைக் கணினியில் எப்படிப் பார்ப்பது என்று மாதம் ஒருநாள் அவர்களே மையத்திற்கு வந்து காட்டினால், தங்கள் அலுவலகத்துக்கு வரும் கூட்டமும் குறையும். சிக்னல் எட்டாத குக்கிராமங்களுக்கு, விலையையும் வானிலையையும் ஒரு தாளில் எழுதிச் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்து திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பி, பள்ளிச் சுவரில் ஒட்டச் செய்யலாம். எழுதும் நாளையும் தாளின் தலைப்பில் குறித்தல் வேண்டும். பழைய விலையை நம்பிக் கிழங்கு தோண்டியவன் மறுமுறை மையத்துக்கு வரமாட்டான்.