களத்தில் நின்ற தன்மானம்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் பால் ராப்சன். அவர்தம் தந்தையார், இளமையில் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து சமயப் பணியேற்றவர். சாமர்வில் உயர்நிலைப்பள்ளியில் பயின்றபோதே கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் ஆகிய நான்கிலும் ராப்சன் சிறந்து விளங்கினார். 1915இல் மாநில அளவிலான தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்குப் பயின்ற கறுப்பின மாணவர் அவர் ஒருவரே.

அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் ஓடுவோரை மோதி வீழ்த்துவதும் நிறைந்த முரட்டு விளையாட்டு. அணித்தேர்வுக்குச் சென்றபோது சக மாணவர்கள் அவரை வேண்டுமென்றே தாக்கினர். மூக்கெலும்பு முறிந்தது, தோள்மூட்டு விலகியது. களத்தில் அவர் தனியொருவர் அல்லர், கல்விக்கும் விளையாட்டுக்கும் ஏங்கும் தம் இனத்து இளைஞர் அனைவரின் சார்பாளர் என்று தந்தையார் கற்பித்திருந்தார். அதனை நினைந்து மீண்டும் களம் புகுந்தார், அணியில் இடம்பெற்றார்.

எனினும், 1916இல் கறுப்பினத்தவரோடு ஆட மாட்டோம் எனத் தென்மாநில அணியொன்று மறுத்தபோது, அவர்தம் கல்லூரியே அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. ராப்சன் தளரவில்லை. 1917, 1918 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் தம் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றும் சிறப்பையும் பெற்றார்.

பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் உலகப்புகழ் பெற்ற அவர், இனவெறிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கம் அவரை ஏற்றதோ 1995இல். அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்து. தடைகளைத் தாண்டியது அவர்தம் ஆற்றல். அத்தடைகளை அகற்றுவதோ சமூகத்தின் கடமை.