பிளந்து நிற்கும் சுவர்

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரைச் சிற்றூர் கசிமியர்ஸ் டோல்னி. இரண்டாம் உலகப் போருக்கு முன் அவ்வூராருள் ஏறத்தாழப் பாதியினர் யூதர். நாஜிகள் அவர்தம் இடுகாட்டுக் கற்களைப் பெயர்த்து, தம் இரகசியக் காவலர் தங்கிய துறவிமடத்தின் முற்றத்தில் பாவினர். பெயர்கள் காலடியில் மிதிபட்டன. 1942-இல் யூதர்களையே கொலைக்களத்திற்கு அனுப்பினர்.

மீட்ட கற்களைக் கொண்டே, கட்டடக் கலைஞர் ததேயுஷ் அகுஸ்தினெக்கின் வடிவமைப்பில், 1984-இல் இடுகாட்டில் நினைவுச்சுவர் எழுந்தது. ஒரு கல்லில் பெண்ணின் கல்லறையைக் குறிக்கும் மெழுகுவத்தித் தண்டு; மற்றொன்றில் குருமார் வழியினரைக் குறிக்கும் ஆசி வழங்கும் கைகள். பலவும் உடைந்த துண்டுகளே.

சுவரை உச்சி முதல் அடிவரை ஒரு பிளவு ஊடறுக்கின்றது. புதுப்பித்தல் என்றால் விரிசலைப் பூசி மறைத்தல் என்றே நாம் கொள்கிறோம். இங்கோ விரிசலையே கட்டியுள்ளனர்! அதன் வழியே நோக்கினால், பின்னே மரங்களிடையே எஞ்சிய சில கற்கள் நிற்கக் காண்கிறோம்.