ஆர் மொழியில் குழுவாரியாகக் கூட்டுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

கூட்டல் கணினிக்கு ஒரு வேலையே இல்லை. எதை எதோடு சேர்த்துக் கூட்டுவது என்பதை மட்டும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். புள்ளியியலுக்கென்றே பிறந்த ஆர் மொழியிலும் இதே கதைதான். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த மொழி இலவசம். இறக்கி நிறுவிக்கொள்ள சில நிமிடங்கள் போதும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

படி 1: தரவை முதலில் கண்ணால் பாருங்கள்

பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டாம். ஆர் மொழிக்குள்ளேயே பல தரவுகள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களின் கணக்கு. மிகப் பெரிய ஆறு துறைகள், 4,526 விண்ணப்பங்கள்.

பி <- ஆஸ்.டேட்டா.ஃப்ரேம்(யூசிபிஅட்மிஷன்ஸ்)

இப்போது 'பி' என்ற பெயரில் ஓர் அட்டவணை கிடைக்கும். முடிவு (அட்மிட்), பாலினம் (ஜெண்டர்), துறை (டெப்ட்), எண்ணிக்கை (ஃப்ரீக்) என நான்கு பத்திகள். வரிசைகளோ 24தான்! 4,526 பேர் எங்கே போனார்கள்? ஒரு வரிசை ஒரு ஆளைக் குறிக்கவில்லை. 'ஏ துறை, ஆண், இடம் கிடைத்தது: 512' என்பது ஒரே வரிசை. இதைக் கவனிக்காமல் வரிசைகளை எண்ணினால் ஆண்கள் 12, பெண்கள் 12 என்று வரும். ஆகவே எண்ணக் கூடாது. எண்ணிக்கைப் பத்தியைக் கூட்ட வேண்டும்.

படி 2: ஒரு பத்தியால் பிரித்துக் கூட்டுவது

டி-அப்ளை(பி$ஃப்ரீக், பி$ஜெண்டர், சம்)

அடைப்புக்குள் மூன்று சேதிகள்: எதைக் கூட்டுவது, எதை வைத்துப் பிரிப்பது, என்ன செய்வது. டாலர் குறி, 'இந்த அட்டவணையில் உள்ள இந்தப் பத்தி' என்று சுட்டுகிறது. விடை: ஆண்கள் 2,691, பெண்கள் 1,835. 'சம்' இருக்கும் இடத்தில் 'மீன்' என்று போட்டால் சராசரி வரும். ஆனால் இந்தத் தரவில் அந்தச் சராசரிக்குப் பொருளில்லை.

படி 3: இரண்டு பத்திகளால் பிரிப்பது

டி-அப்ளை(பி$ஃப்ரீக், லிஸ்ட்(பி$ஜெண்டர், பி$அட்மிட்), சம்)

பிரிக்கும் பத்திகளை 'லிஸ்ட்' என்பதற்குள் அடுக்கினால் போதும். இடம் கிடைத்த ஆண்கள் 1,198, பெண்கள் 557. சதவீதமாகப் பார்த்தால் ஆண்களில் சுமார் 44.5, பெண்களில் சுமார் 30.4. பெண்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

படி 4: துறையையும் சேர்த்துப் பாருங்கள்

அதே லிஸ்ட்டில் துறைப் பத்தியையும் சேர்த்து ஓட்டுங்கள். ஏ துறையில் விண்ணப்பித்த 825 ஆண்களில் 512 பேருக்கு இடம் (62%). 108 பெண்களில் 89 பேருக்கு இடம் (82%). பி, டி, எஃப் துறைகளிலும் பெண்களின் விகிதமே சற்று மேல். ஆறில் நான்கு துறைகளில் பெண்கள் முன்னே நிற்க, மொத்தத்தில் மட்டும் பின்தங்குவது எப்படி?

காரணம் விண்ணப்பங்கள் போன திசை. இடம் எளிதாகக் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் 1,385 பேர், அதாவது பாதிக்கும் மேல், விண்ணப்பித்தார்கள். பெண்களில் வெறும் 133 பேர். மற்ற பெண்கள் எல்லாரும் பத்தில் நால்வருக்கும் குறைவாகவே இடம் தந்த துறைகளின் வாசலில் நின்றார்கள். பிக்கல், ஹாமல், ஓகானல் மூவரும் 1975இல் 'சயின்ஸ்' இதழில் பெர்க்லியின் சேர்க்கைக் கணக்கை அலசி எழுதியதிலிருந்து புள்ளியியல் வகுப்புகளில் இதற்குத் தனி இடம். கட்டளை ஒரே கட்டளைதான். ஒரு பத்தி கூடியதும் கதை மாறிவிட்டது.

படி 5: விடுபட்ட மதிப்புகள்

பெர்க்லி தரவில் ஓட்டை இல்லை. நிஜத் தரவில் இருக்கும். நியூயார்க் காற்றின் தரம் பற்றிய 'ஏர்குவாலிட்டி' (1973, மே முதல் செப்டம்பர் வரை) அதற்கு நல்ல பயிற்சி. ஓசோன் அளவை மாதவாரியாகக் கூட்டினால் எல்லா மாதத்துக்கும் 'என்ஏ' என்றே வரும். ஒரு நாள் விடுபட்டாலும் 'சம்' கைவிரித்துவிடும். கட்டளையின் கடைசியில் 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' என்று சேர்த்தால் விடுபட்டவற்றைத் தள்ளிவிட்டுக் கூட்டும்.

அங்கேயும் ஒரு குழி. மே மாதத் தொகை 614, ஜூன் 265. ஜூனில் காற்று சுத்தமாகிவிட்டதா? இல்லை, ஜூனில் 9 நாட்களுக்குத்தான் அளவு பதிவாகியிருக்கிறது. மே மாதத்தில் 26 நாட்களுக்கு. சராசரி எடுத்தால் மே 23.6, ஜூன் 29.4. மதிப்புகள் விடுபட்ட இடத்தில் தொகையை மட்டும் நம்பாதீர்கள்.

படி 6: டிப்ளையர் வழி

இன்று பலரும் எழுதுவது டிப்ளையர் தொகுப்பின் பாணியில். முதல் முறை மட்டும் நிறுவிக்கொண்டு, பிறகு 'லைப்ரரி' கட்டளையால் அழைத்தால் போதும்.

பி |> குரூப்_பை(டெப்ட், ஜெண்டர்) |> சம்மரைஸ்(டோட்டல் = சம்(ஃப்ரீக்))

இடமிருந்து வலமாக வாசிக்க முடிவதுதான் இதன் அழகு: அட்டவணையை எடு, பிரி, கூட்டு. ஆனால் இரண்டு பத்திகளால் பிரித்துக் கூட்டிய பிறகும் முதல் பத்தியின் பிரிவு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே மூச்சில் சதவீதம் போட்டால் மொத்தத்துக்கான சதவீதம் வராது, துறைக்குள்ளான சதவீதம் வரும். அது வேண்டாமென்றால் 'அன்குரூப்' கட்டளையை இடையில் போடுங்கள்.

படி 7: சரிபார்ப்பு

குழுத் தொகைகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள். பிரிக்காமல் கூட்டிய தொகையோடு அது ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால், பிரிக்கும் பத்தியிலேயே வெற்றிடங்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். டி-அப்ளை அந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். டிப்ளையரோ அவற்றை 'என்ஏ' என்று தனிக் குழுவாகக் காட்டும்.