கடைசி நாளைக் கோணமலைக்கு ஒதுக்குங்கள்

பாலையூற்றில் தங்கித் திருகோணமலையைப் பார்ப்பவர்கள், ஊர் திரும்பும் நாளில் புறாத்தீவுக்குப் போக நினைப்பதுண்டு. அதை முதல் நாளிலேயே முடித்துவிடுவது நல்லது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது; முதல் நாளில் தவறினால் மறுநாள் இருக்கிறது, கடைசி நாளில் தவறினால் தவறியதுதான். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதையும் முன்னமே வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்துணியைப் பையில் அடைத்துப் பயணம் போக வேண்டியிராது. கோணேசர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டையும் கோணமலை என்ற ஒரே மலைமுனையில் இருப்பதால், கடைசி நாளில் ஒரு காலைப்பொழுதே போதும்.

கோயில் கும்பிட்டால் போதாதா, கோட்டையில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டையை எழுப்பினார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இணைக்கயலும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. வாகனத்தில் விரைந்தால் அவை கண்ணில் படாது. வாசலில் இறங்கி நடந்தே ஏறுங்கள். வெயில் ஏறினால் கோயில் கல்தரை வெறுங்காலைச் சுடும், காலையிலேயே போய்விடுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அவர்களின் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். அங்கே திரியும் மான்களுக்குத் தின்பண்டமும் பொலித்தீனும் போடாதீர்கள்.