எலும்போடு ஒன்றிய உலோகம்

உடம்பு அயற்பொருளை எளிதில் ஏற்பதில்லை. காலில் தைத்த முள்ளைச் சீழ் கட்டி வெளியே தள்ளுகிறது. தள்ள இயலாததைச் சுற்றி நார்த்தசையால் வேலியிட்டு ஒதுக்கிவிடுகிறது. ஆதலின், உலோகமும் எலும்பும் இடைவெளியின்றி ஒன்றுதல் இயலாது என்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் கருதினர்.

1950களில் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் இளம் மருத்துவர் எலும்பினுள் குருதி ஓடும் முறையை ஆராய்ந்து வந்தார். முயலின் காலெலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலாகிய சிறு கூண்டொன்றைப் பதித்து, அதன் வழியே நுண்ணோக்கியால் குருதியோட்டத்தைக் கண்டார். ஆய்வு முடிந்தபின் கூண்டைக் கழற்ற முயன்றார்; அது வரவில்லை. கருவி வீணாயிற்றே என்று வருந்தி அமைவதே பலர் இயல்பு. அவரோ, கழலாமைக்குக் காரணம் யாது என வினவினார். எலும்பு அவ்வுலோகத்தை நெருங்கி வளர்ந்து இறுகப் பற்றியிருந்தது. இழந்த பல்லுக்குச் செயற்கை வேர் அமைக்க இதுவே வழி என அவர் பின்னர்த் தெளிந்தார்.

1965ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடை குறைபட்டுக் கீழ்ப்பல் இல்லாதிருந்த ஒருவருக்கு நான்கு டைட்டானியத் திருகாணிகளைத் தாடையில் பதித்து, அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார்.

ஒன்றுதல் என்றதும் பசையை நினைத்தல் தவறு. டைட்டானியம் காற்றுப் பட்டவுடனே மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்துக்கொள்கிறது. இரும்பின் துருப்போல் அஃது உதிர்வதில்லை. எலும்பு வந்து சேர்வது அப்படலத்தின் மேல்தான். துளையிடும்போது வெப்பம் மிகுந்தால் எலும்பு மடியுமாதலால், நீர் பாய்ச்சிக்கொண்டே துளையிடுவர்.

முதல் நாளில் ஆணியைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கமே. துளையிட்டதனால் ஊறுபட்ட அவ்வெலும்பை ஒருவகை உயிரணுக்கள் கரைத்து அகற்றுகின்றன. மற்றொரு வகையின புத்தெலும்பை உண்டாக்குகின்றன. பழையது கழிந்து புதியது முற்றாத இடைக்காலம் ஏறத்தாழ மூன்றாம், நான்காம் வாரங்களில் வருகிறது. பிடிப்பு மிகவும் தளர்ந்திருப்பது அப்பொழுதே. வலி நீங்கிற்று, புண் ஆறிற்று என்று நோயாளி துணிவு கொள்வதும் அப்பொழுதே! கடினமான பண்டம் ஒன்றைக் கடித்து, ஆணி ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேல் மீண்டும் மீண்டும் அசையுமாயின், எலும்பு வளரவேண்டிய இடத்தில் நார்த்தசை வளர்ந்துவிடும். பிறகு ஆணியைக் கழற்றுதலே வழி. புகைபிடிப்போரிடம் தோல்வி மிகுதி.

இதனாலேயே பிரோனெமார்க், ஆணியை ஈறினுள் மூடி, கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மென்மையாயுள்ள மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்தார். ஆணியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறை வந்தபின் இக்காலம் குறைந்துள்ளது.

அவர் கூற்றை மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982ஆம் ஆண்டு டொரான்டோ நகர மாநாட்டில் சான்றுகளை எடுத்துக்காட்டிய பின்னரே பிறநாட்டார் பலர் ஏற்றனர். முதன்முதல் அவரை நம்பித் தாடையைக் காட்டியவர் 2006இல் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் தாடையிற் பதித்த ஆணிகள் அதுவரை பயன்பட்டு வந்தன.