எந்தக் கம்பெனி என்பது அப்புறம். முதலில் எந்த அறை?

கேள்வி: திருவொற்றியூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். காலையில் தரையைத் துடைத்தால் துணி கரியாக வருகிறது. ஏழு வயது மகனுக்கு வீசிங்; விடியற்காலையில்தான் அதிகம். சில நாள் ராத்திரி கேஸ் வாடையும் வரும். ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். “இது 500 சதுர அடிக்குப் போதும், ஹாலில் வைத்தால் வீடு முழுக்கச் சுத்தமாகிவிடும்” என்கிறார் கடைக்காரர். ஏ.சி.யிலேயே பி.எம். 2.5 ஃபில்டர் இருக்கும்போது இது தண்டச் செலவு என்கிறார் என் கணவர். மாமியார் மணி பிளான்ட் வைக்கச் சொல்கிறார். எந்தக் கம்பெனி மெஷின் நல்லது?

— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: வாங்குங்கள். ஆனால் ஹாலுக்கு வேண்டாம், மகன் தூங்கும் அறைக்கு வாங்குங்கள். வாசல் கதவு, பால்கனி, சமையலறை என்று மூன்று பக்கமும் திறந்து மூடும் ஹாலில் எந்த மெஷினும் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மாறாது. பையன் ஒன்பது பத்து மணி நேரம் ஒரே இடத்தில் மூச்சுவிடுவது படுக்கையறையில்தான். கதவைச் சாத்தக்கூடியதும் அங்கேதான்.

விடியற்காலையில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீசிங் இயல்பாகவே பின்னிரவில் கூடும். அதற்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலர்தான் மருந்து, மெஷின் வந்துவிட்டது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரில் காற்றும் அந்த நேரத்தில்தான் கெடுகிறது. பகலில் கிழக்கே இருந்து கடற்காற்று அடிக்கும்வரை பரவாயில்லை. ராத்திரியில் அது திரும்பி, நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கே இருப்பது மணலி: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள் எல்லாம் அங்கே. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே எழும்பாமல் கிடப்பதால் புகையும் கலையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தாலோ எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று வந்து சேரும். ஆகவே, “காலைக் காற்று நல்லது” என்று ஆறு மணிக்கு ஜன்னலைத் திறக்கும் பழக்கம் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. வெயில் ஏறி, கடற்காற்று வந்த பிறகு திறங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் மணலி நிலையத்தின் அளவைப் பார்க்கலாம். அதில் ‘திருப்திகரம்’ என்று வந்தால் உடனே நிம்மதியாகிவிட வேண்டாம். பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை நம் கணக்கில் திருப்திகரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 24 மணி நேரத்துக்கு வைத்த அளவு 15.

இனி மெஷின். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் சதுர அடியை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை மெஷின் தருகிறது என்பதுதான் அது. அந்த எண்ணே இல்லாத மெஷினை நான் வாங்கமாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி, ஏறக்குறைய 34 கன மீட்டர். வீசிங் இருக்கும் பிள்ளையின் அறைக் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். அதற்கு 170 தேவை. பெட்டியில் போட்டிருப்பது மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் அளவு. அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது, எல்லோரும் ராத்திரியில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அதனால் 280, 300 உள்ளதாக எடுத்து நடு வேகத்தில் ஓட்டுங்கள்.

கடைக்காரர் சொன்ன 500 சதுர அடியும் அந்தச் சி.ஏ.டி.ஆரிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். அதை 0.12-ஆல் பெருக்கி, இத்தனை சதுர மீட்டர் என்று போடும் சீன முறை ஒன்று உண்டு. அப்படிப் பார்த்தால் 500 சதுர அடி மெஷினின் சி.ஏ.டி.ஆர். 390-க்குப் பக்கம். பத்தடி உயரமுள்ள 500 சதுர அடி இடத்தில், அதுவும் முழு வேகத்தில், மணிக்கு மூன்று தடவைகூடக் காற்று சுற்றாது. அதே மெஷின் உங்கள் படுக்கையறைக்கு என்றால் தாராளம்.

ஃபில்டர் ஹெப்பாவாக இருக்கட்டும். ஹெச்13 என்று போட்டிருந்தால் நல்லது. ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா மாதிரி’ என்றெல்லாம் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அயனைசர், ஓசோன் என்று பெருமையாகச் சொல்லும் மெஷினும் வேண்டாம். ஓசோன் வீசிங் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு எரிச்சலூட்டும். அயனைசரை அணைக்கத் தனி பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள்.

நீங்கள் சொன்ன கேஸ் வாடையில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கரி ஃபில்டர் வேண்டும். விலை குறைந்த மெஷின்களில் தேன்கூடு போன்ற அட்டைக்குள் நாலு கைப்பிடி கரி தூவியிருப்பார்கள். கடையில் அதைக் கழற்றி, கையில் தூக்கிப் பாருங்கள். காகிதம்போல் இருந்தால் சில வாரத்துக்குமேல் வாடையை அடக்காது. நம் ஊர் ஈரப்பதம் வேறு கரியில் இடம்பிடித்துக்கொள்ளும். மெஷினில் எரியும் பச்சை விளக்கும் துகளை மட்டுமே பார்த்துச் சொல்வது. மூக்கு எரியும்போது விளக்கை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது நினைவிருக்கும். அதுபோன்ற நேரத்தில் பியூரிஃபையர் எதற்கும் உதவாது. ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக வெளியேறிவிட வேண்டும்.

கணவருக்குப் பதில்: ஏ.சி.யில் இருப்பது மெல்லிய ஷீட். கெட்டியான ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்கும் வலு ஏ.சி. ஃபேனுக்கு இல்லை. மாமியாருக்கு: மணி பிளான்ட் கண்ணுக்கு அழகு, தாராளமாக வைக்கட்டும். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-ல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து வந்தது. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது, வீட்டில் இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: ராத்திரி கொசுவத்தி ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்கு இணையான நுண்துகளை விடுகிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே அறையில் பியூரிஃபையரும் ஓடினால் ஃபில்டருக்குத்தான் கேடு. கொசுவலைக்கு மாறுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்ட எனக்கு விருப்பமில்லை. பையனின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பால்கனியைத் திறந்துவைத்துப் போடட்டும்.

மெஷின் வந்ததும் பின்மூடியைத் திறந்து, ஃபில்டர்மேல் பாலிதீன் உறை இருக்கிறதா பாருங்கள். அதைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்குமேல் திறந்த வென்டிலேட்டர் இருந்தால் அட்டையோ அக்ரிலிக் ஷீட்டோ வைத்து அடைத்துவிடுங்கள், கதவுக்கடியில் இடைவெளியையும். சீலிங் ஃபேன் சுற்றலாம், தப்பில்லை. மெஷினைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். முன்பக்க வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யலாம். ஹெப்பாவைத் தண்ணீரில் நனைத்தால் அதோடு போயிற்று. கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம், 40 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது.

உண்மையான செலவு மாற்று ஃபில்டரில் இருக்கிறது. உங்கள் ஊர்த் தூசிக்கு, கம்பெனி சொல்லும் காலத்துக்கு முன்பே அது கறுத்துவிடும். ஆகவே பணம் கட்டும் முன், “இதே மாடலுக்கு மாற்று ஃபில்டர் ஒன்று எடுத்துக் காட்டுங்கள், விலை என்ன?” என்று கேளுங்கள். ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டு வரவழைக்கலாம் என்று இழுத்தால் அடுத்த மெஷினைப் பாருங்கள்.