புதுக் கணவரின் வருமானமும் மகளின் ஜீவனாம்சமும்

கேள்வி: என் தங்கை மறுமணம் செய்துகொண்டாள். புது மாப்பிள்ளைக்கு இலவம் பஞ்சு வியாபாரத்தில் நல்ல வருமானம். அதைக் காட்டி முதல் கணவர், மகளுக்குத் தரும் பணத்தை நிறுத்த முடியுமா? (வாசகர், வருசநாடு)

பதில்: முடியாது. மறுமணத்தோடு நிற்பது தாய்க்கான ஜீவனாம்சம்தான். மகளைக் காக்கும் கடமை பெற்ற தகப்பனுக்கே. புதுக் கணவர் முறைப்படி தத்தெடுத்தால்தான் நிலைமை மாறும். ‘அவர்தான் பார்த்துக்கொள்கிறாரே’ என்று கைகழுவுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

தாய் சம்பாதித்தால் அது கணக்கில் வரும். பத்மஜா சர்மா வழக்கில் (2000) பெற்றோர் இருவருமே சம்பளக்காரர்கள். பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்து, தகப்பன் இரண்டு பங்கு, தாய் ஒரு பங்கு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் (2020) பிறகு சம்பளம், நிலம், கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும்.

சூழ்நிலை மாறியதென்று தகப்பன் கருதினால், தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம். தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாரண்ட் வரும், சிறைக்கும் போக நேரும். ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் தங்கை நீதிமன்றத்தை அணுக வேண்டும். தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தருவார்கள்.